காற்றில்லாத மைதானத்தில் கோல் அடிப்பது

அன்புள்ள மகன்,

இது உன் கைக்கு வரும்போது நீ பையை அடுக்கி முடித்திருப்பாய். அடுக்கினது அடுக்கினபடி இருக்கட்டும். ஒரு தேத்தண்ணீர் வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்து, கடைசி வரி வரைக்கும் வாசித்துவிட்டு எழும்பு. நேற்று நீ போனில், "அம்மா, நான் வெள்ளிக்கிழமை வாறன். அப்பாவோட தொழிலுக்குப் போறன். பந்து எனக்குச் சரிவராது" என்று சொன்னபோது நான் ஒன்றும் பேசவில்லை. லைன் போய்விட்டது என்று நினைத்து நீயும் வைத்துவிட்டாய். லைன் போகவில்லை, எனக்குத்தான் வாய் வரவில்லை. ஏன் வரவில்லை என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். திரும்ப எடுத்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் உனக்கு ஒரு விஷயத்தை முழுதாகச் சொல்லி முடித்தவர் இன்னும் பிறக்கவில்லை. நாலு தரம் "ஓம் அம்மா" என்பாய், அதற்குமேல் சார்ஜ் இல்லை என்பாய். றஹீமா நாளைக்குக் கொழும்பில் தன் மகள் வீட்டுக்குப் போகிறாள், அவள் கையில் கொடுத்துவிடுகிறேன். கரைத்தீவிலிருந்து என்னிடம் கருவாடு வாங்க வந்துவந்து சிநேகிதியாகிப்போனவள், உன் அறை வாசலில் நின்று நீ வாசித்து முடிக்கும்வரை நகரமாட்டாள். அவளிடம் அப்படித்தான் சொல்லி அனுப்புகிறேன்.

உன் நிலைமை எனக்கு விளங்குகிறது. அந்தக் கழகம் உன்னைத் தேடிவந்து எடுத்தது கோல் அடிப்பதற்கு. போய் இத்தனை மாதமாகியும் நீ ஒரு கோலும் அடிக்கவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமையும் அடிக்காவிட்டால் உன் இடத்தில் வேறு பொடியனைப் போடுவோம் என்று பயிற்றுவிப்பாளர் சொல்லிவிட்டார். அவர் போ என்று சொல்வதற்கு முதல் நானே போய்விடுகிறேன் என்பது உன் ரோசம். அது அப்பாவிடமிருந்து வந்தது, அதைப் பற்றி நீயும் அவரும் பேசிக்கொள்ளுங்கள். நான் சொல்ல வந்தது வேறு. ஒரு கோல் கீப்பரை எப்படி ஏமாற்றிக் கோல் அடிப்பது என்று சொல்லப்போகிறேன். சிரிப்பாய், சிரி. உதைபந்தாட்டத்தில் எனக்குத் தெரிந்தது ஒரேயொரு பக்கம்தான், அதையும் நீதான் எனக்குச் சொல்லித்தந்தாய். பந்து எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டு நிற்கிறவளின் பக்கம் அது. ஆனால் ஏமாற்றுவது எப்படி என்று ஏமாந்தவளிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்கப்போகிறாய்?

உனக்கு ஞாபகம் இருக்கிறதோ தெரியாது, எனக்கு நேற்று நடந்ததுபோல இருக்கிறது. மேற்கே கடலிலிருந்து அடிக்கிற கச்சான் காற்றுத் தொடங்கிவிட்டால் நம்முடைய கண்டக்குழிக் கடலில் தொழில் இல்லை. ஆம்பிளைகள் போட்டையும் இஞ்சினையும் லொறியில் ஏற்றிக்கொண்டு, வலைகளையும் கட்டிக்கொண்டு, திருகோணமலைப் பக்கம் போய் கரையில் வாடி என்கிற கொட்டில் அடித்துத் தங்கிவிடுவார்கள். காற்று மாறினால்தான் ஊருக்கு வருவார்கள். கொஞ்சம் வளர்ந்த பொடியன்களையும் கூட்டிக்கொண்டு போவார்கள். நீ அப்போது வளர்ந்தவனும் இல்லை, குழந்தையும் இல்லை. ஊரில் மிச்சம் இருந்தது பொம்பிளைகளும் கைக்குழந்தைகளும், கயிற்றில் பெரிய பட்டத்தைக் கட்டிக்கொண்டு தண்ணீருக்கு மேலால் வழுக்கிக்கொண்டு போகும் வெள்ளைக்காரர்களும்தான். நம் ஆட்களை விரட்டுகிற காற்றைத் தேடி அவர்கள் விமானம் ஏறி வருகிறார்கள் என்று நான் அலுத்துக்கொள்வேன். நீ பந்தைக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு கரையில் அங்கும் இங்கும் நடப்பாய். ஒருநாள் நான் பாயில் கருவாட்டைப் புரட்டிக்கொண்டு இருந்தபோது வந்து நின்றாய். "அம்மா, கொஞ்சம் கோலுக்க நில்லுங்க. சும்மா நிண்டாக் காணும்" என்றாய். அந்தச் சும்மாவை நம்பி நான் எழும்பி வந்தேன்.

உடைந்த துடுப்பு ஒன்று, தென்னங்குற்றி ஒன்று, இரண்டுக்கும் பின்னால் அப்பாவின் கிழிந்த வலை. அதுதான் நம்முடைய கோல். பந்து கடலில் விழுந்தால் நீ நீந்தவேண்டும், கருவாட்டில் விழுந்தால் நான் ஏசுவேன், அதனால் கரையின் நீளப்பாட்டுக்கு வைத்தோம். அடிக்கிறபோது கடல் உன் இடது கைப்பக்கம் இருக்கும். நான் உடுத்திருந்த சீத்தையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கையில் மீன் வாடையோடு, எந்தப் பக்கம் பார்த்து நிற்பது என்றுகூடத் தெரியாமல் நின்றேன். நீ முதலில் அடித்த பந்து என் மூக்கில் பட்டது. இரத்தம் வந்தது. நீ அழத் தொடங்கிவிட்டாய். எனக்கு ஏனோ சிரிப்பு வந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு, "இன்னொருக்கா அடி பாப்பம்" என்றேன். எங்கிருந்து அந்த வாய் வந்ததென்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அந்த மூக்கு அடியிலிருந்தே தொடங்குகிறேன். கோலைக் கண்டதும் உள்ள பலத்தையெல்லாம் காலுக்குக் கொண்டுவந்து குத்துகிற பழக்கம் உனக்கு அப்போது இருந்தது. அப்படி வருகிற பந்து பெரும்பாலும் கீப்பர் நிற்கிற இடத்துக்கே வரும். எனக்கு அது நோகும், ஆனால் கோல் ஆகாது. நான் ஒன்றும் செய்யவில்லை, என்மேல் பட்டுத் திரும்பிப் போகும். என்னை உண்மையில் வதைத்தது வேறு பந்து. என் காலுக்குப் பக்கத்தால், எட்டி மிதித்தால் மிதிபடும் தூரத்தில், மணலோடு மணலாக உருண்டு வருகிற பந்து. கோலுக்குள் நிற்கிறவளுக்குக் கை மேலே இருக்கிறது, பந்து கீழே போகிறது. குனிவதற்குள் அது வலையில் கிடக்கும். எத்தனையோ நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உன்னை ஏசியிருக்கிறேன். உயரமான கீப்பரைக் கண்டு உன் கூட்டாளிகள் பயப்படுகிறார்கள் என்று ஒருமுறை சொன்னாய் அல்லவா, உயரமானவருக்கு நிலம் இன்னும் தூரம்.

பிறகு எனக்கும் கொஞ்சம் புத்தி வந்தது. நீ பந்தை எந்தப் பக்கம் அடிக்கப்போகிறாய் என்று அடிக்கிற காலைப் பார்த்து ஒருநாளும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஊன்றுகிற காலைப் பார்த்தேன். பந்துக்குப் பக்கத்தில் ஊன்றுகிற கால் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறதோ, அநேகமாகப் பந்தும் அந்தப் பக்கம்தான் வந்தது. அதைக் கண்டுபிடித்த கிழமையில் நீ அடித்ததையெல்லாம் நான் பிடித்தேன். உனக்கு விசராகிப்போய்விட்டது. அம்மாவுக்கு என்ன நடந்தது என்று பார்க்கிற மாதிரிப் பார்த்தாய். அந்த இரகசியத்தை நான் கொஞ்ச நாள் சொல்லவில்லை, பெருமையாக இருந்தது. ஆனால் நீ பாணைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் எழும்பின அன்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு நீ காலை ஒரு பக்கம் ஊன்றிவிட்டு மற்றப் பக்கம் தட்டிவிடப் பழகினாய். நான் துடுப்புப் பக்கம் பாய்வேன், பந்து குற்றிப் பக்கம் போகும். மண்ணில் கிடந்தபடி நான் உன்னை ஏசின ஏச்சுக்களைப் அந்த முறை தொழிலுக்குப் போகாமல் ஊரில் நின்ற பக்கத்துவீட்டு ஜூட் கேட்டு, கோயில் கமிட்டி வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டான்.

இன்னொன்று. "முன்னுக்கு வாங்க அம்மா, நான் தனிய வந்தா நீங்க ஓடி வரணும், அப்பத்தான் எனக்குக் கோல் தெரியாது" என்று நீ சொல்லித்தந்தாய். சரி என்று நானும் கையை அகல விரித்துக்கொண்டு ஓடிவந்தேன். முதல் நாட்களில் நீ பதறிப்போய் என்மேலேயே அடித்தாய். உனக்குப் பயம் என்று நீ நினைத்தாய். எனக்கு அதைவிடப் பயம், அது உனக்குத் தெரியவில்லை. கோலை விட்டு வெளியே வந்த கீப்பருக்குப் பின்னால் ஒன்றுமில்லை. சீக்கிரம் அடித்துவிடு, எந்தப் பக்கமாவது அடித்துத் தொலை என்றுதான் உள்ளுக்குள் கேட்டுக்கொண்டு வருவேன். ஒருநாள் நீ அடிக்கவில்லை. பந்தைக் காலில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாய். நான் என்ன செய்வது என்று தெரியாமல் விழுந்தேன். நீ என்னைச் சுற்றிக்கொண்டு நடந்துபோய்ப் பந்தை வலைக்குள் தள்ளினாய், திரும்பி வந்து கையைப் பிடித்து என்னைத் தூக்கிவிட்டாய். மகன், உனக்குச் சொல்ல என்னிடம் புத்திமதி என்று ஒன்று இருந்தால் அதுதான். ஓடிவருகிறவர் விழும்வரை பொறு. அவசரம் அவருக்குத்தான்.

தடுத்த பந்தைப் பற்றியும் சொல்லவேண்டும். ஒரு பந்தைத் தடுத்துவிட்டால் எனக்குச் சந்தோஷத்தில் கையும் காலும் சோர்ந்துவிடும். அந்த நேரத்தில் நீ இரண்டாம் முறை ஓடிவந்து தட்டினால் எனக்கு ஒன்றும் செய்யமுடியாது. நீயோ அடித்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டு நிற்பாய். இன்றைக்கும் அப்படித்தான் நிற்கிறாய். தலையில் கையை வைப்பதற்கு ஆட்டம் முடிந்த பிறகு நேரம் இருக்கிறது.

இதையெல்லாம் எழுதும்போது எனக்கு ஒன்று புரிகிறது. நான் உனக்கு நன்றி சொன்னதில்லை. நாம் பந்து விளையாடத் தொடங்குவதற்கு முன், உன்னை வளர்த்த வருடங்களில் கச்சான் காலம் என்றால் எனக்கு வெறுப்பு. தகரம் நாள்முழுக்க அடித்துக்கொள்ளும், சோற்றில் மணல், கண்ணில் மணல், அப்பாவோடு போனில் பேசுகிற இரண்டு வார்த்தையையும் காற்றுப் பாதியில் கொண்டுபோய்விடும். விடிந்தால் எப்போது பொழுதுபடும் என்று இருப்பேன். நீ என்னைக் கோலுக்குள் நிறுத்தின பிறகு, எப்போது நாலு மணியாகும் என்று பார்க்கத் தொடங்கினேன். கருவாட்டை ஒதுக்கிவைத்துவிட்டு நானே பந்தைத் தேடி எடுத்துக்கொண்டு வந்த நாட்கள் இருக்கின்றன. பொம்பிளைகள் வேலியோரம் நின்று சிரித்தார்கள், பிறகு அவர்களில் சிலர் சீத்தையைச் செருகிக்கொண்டு எனக்கு முன்னால் காவலுக்கு நின்றார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் ஃபாதரே "கோல் கீப்பர் வந்துட்டாவா?" என்று கேட்டார். பதினேழு வயதில் கல்யாணம் முடித்து வந்தவளுக்கு ஓடவும் விழவும் கத்தவும் ஊர் இடம் கொடுத்தது உன்னால்தான். நன்றி மகன். இதை நேரில் சொன்னால் நீ போனைப் பார்ப்பாய், அதனால் எழுதுகிறேன்.

இனித்தான் முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். கச்சான் உரமாக அடிக்கிற நாட்களில் நீ ஒரு அடி கண்டுபிடித்தாய். கடற்பக்கக் கம்பமான துடுப்புக்கு வெளியே, பந்து கடலுக்குப் போகப்போகிறது என்று பார்க்கிறவர்கள் நினைக்கிற மாதிரி அடிப்பாய். நான் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்பேன். கடலிலிருந்து வருகிற காற்று நடுவழியில் அதைப் பிடித்துத் தள்ளும், பந்து வளைந்து வந்து துடுப்புக்கு உட்பக்கமாக நுழையும். எத்தனை தரம் ஏமாந்திருப்பேன். கடைசியில் என் கண்ணும் பழகிவிட்டது. கம்பத்துக்கு ஒரு கை தள்ளி வெளியே போகிற பந்தைக் கண்டால் இது கோல் என்று உடம்பு தானாகப் பாயும். அந்த அடியை வைத்துத்தான் கற்பிட்டியிலும் புத்தளத்திலும் நீ பெயர் எடுத்தாய். அங்கேயெல்லாம் காற்று இருந்தது, எந்தப் பக்கம் அடித்தாலும் உன் கால் அதைப் பார்த்து வைத்துக்கொண்டது. கழகத்துக்காரர்கள் வந்து பார்த்ததும் அப்படியொரு காற்று நாளில்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை நானும் றஹீமாவும் உன் ஆட்டம் பார்க்க வந்தோம். நீ கோல் அடிப்பதில்லை என்று கேள்விப்பட்டு மனம் பொறுக்காமல்தான் வந்தேன், அதை உன்னிடம் சொல்லவில்லை. மைதானத்தைச் சுற்றி மதிலும் மாடிவீடுகளும். ஒரு இலை ஆடவில்லை. றஹீமா பர்தாவுக்குள் வேர்த்து ஊற்றிக்கொண்டு, குடையால் விசிறிக்கொண்டே இருந்தாள். எனக்கு வேறு இடத்தில் இருந்து பார்க்கத் தெரியாததால் நீ அடிக்கிற பக்கத்துக் கோலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தோம். இடைவேளைக்குப் பிறகு நீங்கள் பக்கம் மாற, நாங்களும் குடையைத் தூக்கிக்கொண்டு மாறினோம். முதலாவது பந்தை நீ அடித்ததும் நான் எழும்பி "கோல்!" என்று கத்தினேன். பந்து வெளியே போய்விட்டது. மைதானத்தில் வேறு ஒருவரும் கத்தவில்லை. எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். சரி, அவசரப்பட்டுவிட்டேன் என்று உட்கார்ந்தேன். அடுத்த பந்துக்கும் எழும்பினேன், அதற்கடுத்ததற்கும் எழும்பினேன். றஹீமா என் சேலையைப் பிடித்து இழுத்து, "என்ன புள்ள நீ, வெளிய போற பந்துக்கெல்லாம் எழும்பிக் கத்துறாய்?" என்றாள். கண்ணாடி போடவேண்டிய வயது வந்துவிட்டது என்று நினைத்தேன்.

ஆட்டம் முடிந்து நீ தலையைக் குனிந்துகொண்டு வந்தாய். "ஏன் அம்மா கத்தினீங்க? பொடியன்மார் சிரிக்கிறாங்க" என்று மட்டும் கேட்டாய். உன்னைக் கேலி பண்ணினேன் என்று நினைத்திருப்பாய். அன்று இரவு றஹீமாவின் மகள் வீட்டில் தங்கிவிட்டு, அடுத்த நாள் பஸ் ஏறி, அந்தக் கேள்வியையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

பாலாவியில் இறங்கினோம். இறங்கின உடனே உப்பளப் பக்கத்திலிருந்து காற்று வந்து முகத்தில் அடித்தது. கச்சான் தொடங்கிவிட்டது. அடுத்த பஸ்ஸுக்கு நிற்கும்போது றஹீமா வடை சாப்பிட்ட கடதாசியைக் கசக்கி, குப்பைத் தொட்டிக்கு எறிந்தாள். தொட்டிக்கு நேராக எறியவில்லை, காற்று வருகிற பக்கமாக ஒரு கை தள்ளி எறிந்தாள். கடதாசி வளைந்துபோய்த் தொட்டிக்குள் விழுந்தது. அவள் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை, மகளின் கதையைத் தொடர்ந்து சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அவளை நிறுத்தி, ஏன் தள்ளி எறிந்தாய் என்று கேட்டேன். நான் கேட்டதே அவளுக்கு விளங்கவில்லை. "நேர எறிஞ்சா எப்பிடி விழும்? காத்து கொண்டுபோகும்தானே" என்றாள். லொறிகளும் பஸ்களும் போய்வருகிற சந்தியில் நின்று நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன், பிறகு அழுகை வந்தது. நான் ஏன் கத்தினேன் என்று அப்போதுதான் விளங்கியது. அந்தப் பந்துகள் எல்லாம் கண்டக்குழியில் கோல். ஒவ்வொன்றும் உன் இடது பக்கக் கம்பத்துக்கு ஒரே அளவு வெளியே போனது. வராத காற்றை நீ காலில் வைத்து அடித்தாய், நான் கண்ணில் வைத்துப் பார்த்தேன். அந்த மைதானத்தில் உன்னைப்போலவே பிழைவிட்ட ஒரே ஆள் நான்தான்.

ஆகவே மகன், உன் கால் கெட்டுப்போகவில்லை. பயிற்சியில் நீ ஒழுங்காக அடிக்கிறாய் என்று கழகத்துக்காரர்களே சொல்கிறார்களாம். யோசித்து அடிக்கும்போது ஒழுங்காகத்தான் போகும். அவசரத்தில், யாராவது காலுக்குள் வந்து விழும்போது, காலுக்கு யோசிக்க நேரமில்லை, அது கண்டக்குழிக்கு ஓடிவந்துவிடுகிறது. காற்று இருந்தால் காற்றைப் பார்க்கும், ஒன்றும் இல்லாத இடத்தில் முதல் பழகினதுக்குப் போகிறது. உன் பயிற்றுவிப்பாளர் மேலும் பிழை இல்லை, அந்த மனிதருக்கு நம்முடைய காற்றைத் தெரியாது. கச்சான் இடையிடையே விழுகிற நாட்கள் இருந்ததே, தண்ணீர் எண்ணெய் மாதிரிக் கிடக்கும், வெள்ளைக்காரர்கள் பட்டத்தைச் சுருட்டி வைத்துவிட்டுத் தூங்குவார்கள். அந்த நாட்களில் நீ எப்படி அடித்தாய் என்று நினைத்துப் பார். பாதத்தின் உட்பக்கத்தால், அவசரமில்லாமல், என் காலுக்குப் பக்கத்தால் தட்டிவிட்டாய். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு இறங்குவதற்கு முதல் ஒரு பிடி புல்லைப் பிய்த்து மேலே போட்டுப் பார். நேரே கீழே விழுந்தால் கம்பத்துக்கு உள்ளே அடி. வெளியே போகிற பந்தை அங்கே யாரும் உனக்கு உள்ளே கொண்டுவந்து தரமாட்டார்கள்.

இதை அறிந்த நேரத்திலேயே உனக்குச் சொல்லத்தான் நினைத்தேன். நல்ல நேரத்தில் சொல்வோம் என்று நேற்று மத்தியானம் வரைக்கும் வைத்திருந்தேன். அதற்குள் நீ எடுத்து, வருகிறேன் என்றாய். அப்பா பக்கத்தில் இருந்தார். உன் குரல் அவருக்கும் கேட்டது. போன சீசனிலிருந்து அவருக்குத் தோள் சரியில்லை, வலையை இழுக்கும்போது பல்லைக் கடித்துக்கொள்கிறார். வழமையாகக் கூடப் போகிறவர் இந்த முறை வெளிநாட்டுக்குப் போய்விட்டார், போட்டில் ஒரு ஆளுக்கு இடம் இருக்கிறது. நீ வருகிறாய் என்று கேட்டதும் மனுசனுக்கு முகம் மாறிவிட்டது. எழும்பிப் போய் வாடிக்குக் கொண்டுபோகிற சாமானில் உனக்கென்று ஒரு பாயையும் தலையணையையும் சேர்த்துக் கட்டினார். தலையணை உறை ஊத்தையாக இருக்கிறது, கழுவித் தா என்று என்னிடம் கொடுத்தார். நான் அந்த உறையைக் கையில் வைத்துக்கொண்டு எதைச் சொல்வேன்? எனக்கும் ஆசை இல்லாமலில்லை. நீ வந்தால், காற்று மாறினதும் இரண்டு பேரும் ஒன்றாக வீட்டுக்கு வருவீர்கள். அங்கேயே நின்றால், நீ கோல் அடித்தால், அடுத்தது மாலைதீவு என்பார்கள், அதற்கு அங்கால் வேறு ஊர் என்பார்கள். நீ தோற்றால் எனக்குக் கிடைப்பாய் என்று மனம் ஒருமுறை கணக்குப் போட்டது. உன் அம்மாவின் மனம்தான் அது, உனக்குத் தெரியாமல் இருக்கவேண்டாம்.

பின்னேரம் சாப்பிடும்போது அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பந்து, கம்பம், றஹீமாவின் கடதாசி எல்லாம். அவர் பாணைக் குழம்பில் தோய்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். காற்றைப் பற்றிச் சொன்னால் அவருக்கு இரண்டாம் தரம் சொல்லவேண்டிய தேவை இல்லை. முடித்ததும், "இதச் சொன்னா அவன் வரமாட்டான், என்ன?" என்று கேட்டார். வரமாட்டான் என்றேன். "சொல்லத்தான் வேணுமா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, சின்னப்பிள்ளை கேட்கிற மாதிரிக் கேட்டார். நான் தட்டுக்களை எடுத்துக்கொண்டு எழும்பினேன். அவரும் எழும்பினார். கட்டிவைத்த சாமானைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து படுத்தார்.

இன்று காலை நான் எழும்பும்போது அவரைக் காணவில்லை. கடற்கரைக்குப் போயிருப்பார் என்று நினைத்தேன். பக்கத்துவீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வந்தார். "ஜூட்டுக்குச் சொல்லிட்டன். அவன் வாறான்" என்றார். ஜூட்டை உனக்குத் தெரியும்தானே. அவனுடைய வாய் நித்திரையில்தான் மூடும். அப்பாவுக்கு அவனோடு ஒரு தேத்தண்ணீர் குடித்து முடிக்கிற நேரம்கூட உட்கார முடியாது. அவனோடு ஒரே போட்டில், ஒரே வாடியில், காற்று மாறும்வரைக்கும் இருக்கப்போகிறார். நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். இந்த மனுசனுக்கும் நான் ஒருநாளும் நன்றி சொன்னதில்லை. மகன் எங்கே கேட்பான், உங்கள் பிள்ளைதானே, பையோடு வந்து நிற்பான், கடிதத்தில் என்ன எழுதட்டும் என்று கேட்டேன்.

"போட்டில இடமில்லையெண்டு எழுது. வந்தாலும் கூட்டிட்டுப் போகமாட்டன் எண்டு எழுது" என்றார்.

அவர் சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன். அதைச் சொல்லிவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வருகிறேன் என்று கிணற்றடிக்குப் போனார். அவர் போனபோதுதான் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன். இவ்வளவையும் எழுதி முடித்துவிட்டேன், மனுசன் இன்னும் முகம் கழுவி வரவில்லை.

அம்மா